பங்குக் கிணறும் பங்குக் கோவிலும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்குப் பங்குக் கிணறு புதிதல்ல. கிணறு ஒன்று, பங்காளிகள் நான்கு பேர். இன்று ஒருவரின் முறை, நாளை மற்றவரின் முறை. ஒருவர் மிளகாய்க்கு இறைப்பார், அடுத்தவர் வெங்காயத்துக்கு இறைப்பார். தண்ணீர் ஒன்றே, தோட்டமும் பயிரும் வாய்க்காலும் வேறு. முறை தவறினால் அன்றைக்கே சண்டை. முறை காத்தால் பேரப்பிள்ளைகளின் காலம்வரை அந்தக் கிணறு நான்கு வீட்டுக்கும் சோறு போடும். வன்னிக் கமக்காரர் இதையே குளத்துத் தண்ணீரில் கற்றவர்கள். துருசு திறக்கும் நாளையும் பூட்டும் நாளையும் எல்லோரும் கூடித் தீர்மானித்தால்தான் கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும்.

"பங்கு" என்ற சொல்லைக் கத்தோலிக்கர் நாம் வேறொரு பொருளிலும் வழங்குகிறோம். ஒரு குருவின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட மக்கள் கூட்டமும் பங்குதான். அந்தப் பங்கின் கோவிலை வேறு சபைக் கிறிஸ்தவர்கள் தங்கள் திருமணத்துக்கோ, ஞானஸ்நானத்துக்கோ, மரணச் சடங்குக்கோ கேட்டால் கொடுக்கலாமா? யாரிடம் கேட்பது? எதைப் பகிரலாம், எதைப் பகிர முடியாது? இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கும், அவர்களுக்கு இடம் கொடுத்த ஊரவருக்கும் இந்தக் கேள்விகள் பல தடவை எழுந்திருக்கின்றன. அவற்றுக்குத் தெளிவான பதில் உண்டு என்பதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலில் நிற்கும் மகன்

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தென்னிந்திய திருச்சபையைச் சேர்ந்த கமக்காரக் குடும்பம். ஊரை விட்டு வந்து, பற்றை வெட்டிய காணியில் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். அவர்களுடைய தேவாலயம் ஊரோடு நின்றுவிட்டது. வந்த இடத்தில் உள்ளது ஒரேயொரு கத்தோலிக்கக் கோவில். மாரி மழை பெய்யும் ஓரிரவில் வீட்டுத் தாயார் கண்ணை மூடிவிடுகிறார். வாழ்நாள் முழுவதும் தன் சபையிலே பாடிச் செபித்தவர் அவர். தறப்பாளின் கீழே உடலைக் கிடத்தியிருக்கிறார்கள். வந்த சனம் நிற்க இடமில்லை. அவர்களுடைய போதகர் இருப்பது தூரத்து ஊரில்.

மூத்த மகன் பங்குத்தந்தையின் வாசலில் போய் நிற்கிறார். கேட்கவும் கூச்சம், கேளாமல் திரும்பவும் முடியாது. "சுவாமி, அம்மாவை ஒருக்கால் கோவிலுக்குள்ள வைச்சுச் செபிக்கலாமோ? உங்கட சேமக்காலையில ஒரு குழி கிடைக்குமோ?"

இது கற்பனைக் குடும்பந்தான். ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதுமாகப் பெயர்ந்தபோது கைதடி, நாவற்குழிப் பாதையில் நடந்தவர்களும், 2008இலும் 2009இலும் வன்னிக்குள்ளே ஊர் ஊராக ஓடியவர்களும் இந்த மகனின் கூச்சத்தை அறிவார்கள். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அதன்பின் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. இன்னும் திரும்பக் கிடைக்காத காணிகளும் உண்டு. காணி கிடைத்த இடத்திலும் கோவில் கூரையில்லாமல் நின்ற ஊர்கள் பல. ஆகையால் மகனின் கேள்வி பழைய கேள்வி அல்ல.

தங்குவது வேறு, வழிபடுவது வேறு

ஓடி வந்தவருக்கு எங்கள் கோவில்கள் கதவு திறந்தபோது யாரும் சமயம் கேட்கவில்லை. மடு மாதா கோவில் வளவில் 1990 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கொட்டில் போட்டு இருந்தன. அவர்களில் இந்துக்கள் இருந்தார்கள், எல்லாச் சபைக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு, பவுல் கோவிலில் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1999 நவம்பரில் மடுவில் எறிகணை விழுந்து சுமார் 40 பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் கத்தோலிக்கக் கோவில்களில் குண்டு வெடித்தது. மட்டக்களப்பில் அதே காலையில் சீயோன் தேவாலயத்தில் வெடித்தது. சாவு சபை பார்த்து வரவில்லை.

ஆயினும் தங்குவதற்கு இடம் கொடுப்பதும் வழிபாட்டுக்குக் கோவிலைக் கொடுப்பதும் ஒன்றல்ல. கத்தோலிக்கக் கோவில் அர்ச்சிக்கப்பட்ட அல்லது ஆசீர்வதிக்கப்பட்ட கட்டடம். அதிலே பீடம் இருக்கிறது, நற்கருணைப் பேழை இருக்கிறது. கூட்ட மண்டபத்தைப் போல வாடகைக்கு விடுவதற்கு அது கட்டப்படவில்லை. ஊர்ப் பெரியவர்கள் தயங்கினால், அவர்களை இரக்கமற்றவர்கள் என்று உடனே சொல்லிவிட வேண்டாம். அந்தத் தயக்கத்துக்கு வரலாறும் உண்டு.

பயத்துக்கும் காரணம் உண்டு

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கத்தோலிக்கக் கோவில்களைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு எடுத்துக்கொண்டார்கள். கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்த கோவில்கள் இவ்வாறு கைமாறின. பின்னர் அவை பாழடைந்தன. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து அந்த இரண்டு இடங்களிலுமே தங்கள் பணியைத் தொடங்கினார்கள். 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது அப்பணியின் வாரிசாக அதன் யாழ்ப்பாண மறைமாவட்டம் வந்தது. ஒரே மண்ணில் மூன்று வழிபாட்டு முறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. ஆனால் அது பகிர்வு அல்ல. முதலில் பறிப்பு, பிறகு பாழ், பிறகு புதுப்பிப்பு.

கோவில் இல்லாத கத்தோலிக்கர் அக்காலத்தில் எங்கே செபித்தார்கள்? 1687இல் கோவாவிலிருந்து இரகசியமாக வந்த யோசேவ் வாஸ் அடிகளார் இரவு வேளைகளில் வீடுகளிலே பூசை வைத்தார். கண்டியில் அவருக்குப் பணிசெய்ய இடம் கொடுத்தவர் பௌத்த அரசர். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கையின் முதலாவது புனிதர், பிறர் கூரையின் கீழ் பீடம் வைத்த இடம்பெயர்ந்த ஒரு குரு என்பதை நாம் மறக்கலாகாது. பறிகொடுத்த நினைவு எங்களுக்கு உண்டு. பிறர் வீட்டில் அடைக்கலம் பெற்ற நினைவும் உண்டு. இரண்டில் எதை முன்னே வைக்கிறோம் என்பதில்தான் விடயம் தங்கியிருக்கிறது.

திருச்சபை சொல்வது

1964 நவம்பர் 21ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய தீர்ப்பேட்டை வெளியிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் வழிகாட்டி 1993 மார்ச் 25ஆம் திகதி உரோமையிலிருந்து வந்தது. கோவில்களைப் பகிர்வது பற்றி அதன் 137ஆம் இலக்கத்திலிருந்து 140ஆம் இலக்கம் வரை கூறப்படுகிறது. சாரத்தை எளிய சொல்லில் தருகிறோம்.

முதலாவது, கத்தோலிக்கக் கோவில்கள் பொதுவாகக் கத்தோலிக்க வழிபாட்டுக்கே உரியவை. இரண்டாவது, பிற சபையாருக்குத் தங்கள் சடங்கைத் தகுந்த முறையில் நிறைவேற்ற இடமோ பொருளோ இல்லாவிட்டால், மறைமாவட்ட ஆயர் கோவிலையோ வேறு கத்தோலிக்கக் கட்டடத்தையோ பாவிக்க அனுமதிக்கலாம். தேவையான பொருள்களையும் இரவல் கொடுக்கலாம். சேமக்காலையில் அடக்கம் செய்வதற்கும் இவ்வாறே அனுமதிக்கலாம். மூன்றாவது, நல்லுறவு உள்ள இடங்களில் நீண்டகாலத்துக்குச் சேர்ந்து பாவிப்பதும் சாத்தியம். அப்போது நற்கருணைப் பேழையை எங்கே வைப்பது என்பதை மதிப்போடு தீர்க்க வேண்டும். தனி அறையோ சிற்றாலயமோ அமைக்கலாம். நான்காவது, தேவதிரவிய அனுமானங்கள் சம்பந்தமான ஒழுங்கை முன்னரே பேசி, செலவையும் சட்டப் பொறுப்பையும் எழுத்தில் உடன்படிக்கையாக வைக்க வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அனுமதி கொடுப்பவர் ஆயர். பங்குத்தந்தையோ பங்குச் சபையோ தாமாக முடிவெடுக்க முடியாது. அதேவேளை, "இடமில்லை" என்பதே வழிகாட்டி சொல்லும் காரணம். இடம்பெயர்ந்தவரின் நிலை அதுதானே?

அந்த மகனின் கேள்விக்கு இன்னொரு வழியும் உண்டு. தம் சபைப் பணியாளர் கிடைக்காத வேளையில், ஆயரின் தீர்மானப்படி, ஞானஸ்நானம் பெற்ற பிற சபையாருக்குக் கத்தோலிக்கக் குருவே மரணச் சடங்கு நடத்தலாம். திருச்சபைச் சட்டம் 1183ஆம் இலக்கம் இதற்கு இடம் தருகிறது. ஒரே நிபந்தனை, இறந்தவரின் விருப்பத்துக்கு அது மாறாக இருக்கக்கூடாது. இதனால் அந்தத் தாயார் கத்தோலிக்கராகிவிட மாட்டார். ஆக்கிவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

பிற நாடுகளின் அனுபவம்

ஜெர்மனியில் பௌட்சன் நகரத்துப் புனித பேதுரு பேராலயத்தைக் கத்தோலிக்கரும் லூதரன் சபையாரும் 1524 முதல் சேர்ந்து பாவிக்கிறார்கள். பீடமுள்ள முன்பகுதி கத்தோலிக்கருக்கு, மக்கள் அமரும் நடுப்பகுதி லூதரன் சபையாருக்கு. இடையே ஒரு தடுப்பு. முன்னர் உயரமாக நின்ற அந்தத் தடுப்பு பின்னர் குறைக்கப்பட்டது. அங்கே தொடக்கம் அன்பினால் வரவில்லை. சச்சரவுக் காலத்தில் வேறு வழியில்லாமல் வந்தது. எழுதிய ஒழுங்கும் நேர அட்டவணையும் அதை ஐந்நூறு ஆண்டுகள் தாங்கியிருக்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் எப்பிஸ்கோப்பல் சபையார் தங்கள் புதிய ஆயரின் அபிசேகத்துக்குப் போதிய பெரிய ஆலயம் இல்லாததால், வில்லியம்ஸ்பேர்க்கிலுள்ள ஒரு கத்தோலிக்கக் கோவிலைக் கேட்டார்கள். கத்தோலிக்க ஆயர் அனுமதித்தார். அபிசேகம் பெறவிருந்தவர் ஒரு பெண். கத்தோலிக்கர் ஆயிரக்கணக்கில் எதிர்த்து ஒப்பமிட்டார்கள். மனத்தாங்கல் வேண்டாம் என்று எப்பிஸ்கோப்பல் சபையாரே விலகி வேறிடம் போனார்கள். சட்டப்படி அனுமதி இருந்தது. மக்கள் தயாராக இருக்கவில்லை.

2023 ஏப்ரலில் உரோமையில் நடந்தது இதற்கு நேர்மாறு. இலாத்தரன் பேராலயத்தின் பிரதான பீடத்தில் சுமார் 50 அங்கிலிக்கன் குருக்கள் தங்கள் ஆயருடன் வழிபாடு நடத்தினார்கள். பிறகுதான் உரிய அனுமதி இருக்கவில்லை என்று தெரிந்தது. தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த பிழை என்று பேராலயத்தினர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்கள். மக்களுக்குச் சொல்லாத அனுமதியும், அனுமதி பெறாத நல்லெண்ணமும் இரண்டுமே முறை தவறிய இறைப்புத்தான். தண்ணீர் வரும், சண்டையும் வரும்.

எதைப் பகிர முடியாது?

கூரையைப் பகிரலாம். வாங்கு, பாய், மணி, விளக்கு, பூச்சாடி ஆகியவற்றைப் பகிரலாம். வேதாகமத்தைச் சேர்ந்து வாசிக்கலாம். கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து மொழிபெயர்த்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புச் செப வாரம். அதில் சேர்ந்து செபிக்கலாம்.

நற்கருணைப் பந்தியோ இன்னும் பொதுவாகவில்லை. கத்தோலிக்கக் குரு பிற சபைப் பணியாளருடன் சேர்ந்து திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது. கத்தோலிக்கர் பிற சபையாரின் திருவிருந்தில் பங்கெடுப்பதில்லை. மரண ஆபத்து போன்ற அவசர நிலையில், தம் சபைப் பணியாளரிடம் போக முடியாத ஒருவர், நற்கருணையைக் குறித்துக் கத்தோலிக்க விசுவாசம் கொண்டு, தாமாகக் கேட்டால், குரு அவருக்கு அதைக் கொடுக்க வழியுண்டு. அது தனி ஒருவருக்கானது, கூட்டத்துக்கான பொது விதி அல்ல. இது வருத்தமான உண்மை. வருத்தத்தை மறைக்கவும் வேண்டாம், விதியை மறைக்கவும் வேண்டாம். பங்குக் கிணற்றில் தண்ணீர் ஒன்று என்பதற்காக நான்கு தோட்டத்து வேலியையும் ஒரே இரவில் பிடுங்கிவிடுவதில்லை.

ஞானஸ்நானத்தில் நாம் ஏற்கெனவே ஒன்றாக இருக்கிறோம். தண்ணீரால், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் முறைப்படி பெற்ற ஞானஸ்நானத்தைத் திருச்சபை மீண்டும் கொடுப்பதில்லை. ஆகவே கோவில் தருகிறோம் என்று சொல்லி ஒருவரைத் தம் சபைக்கு இழுப்பது இரட்டைத் தவறு. நிவாரண அரிசிக்குச் சமயம் கேட்பது எவ்வளவு வெட்கமோ, சவப்பெட்டி வைக்க இடம் கொடுத்துச் சமயம் கேட்பதும் அவ்வளவு வெட்கம். கோவிலைக் கேட்டு வந்தவர்கள் அந்த ஊர்க் கத்தோலிக்கரைத் தம் பக்கம் அழைக்கத் தொடங்குவதும் அதே அளவு பிழை. பல ஊர்களில் உறவு முறிந்தது இதனால்தான்.

கேட்கும்போதும் கொடுக்கும்போதும்

நடைமுறையில் உதவக்கூடிய சில குறிப்புகளைக் கீழே தருகிறோம்.

1. கேட்பவர் தம் சபைப் போதகர் மூலமாகக் கேட்பது நல்லது. அவர் தூரத்தில் இருந்தால் தொலைபேசியிலாவது பங்குத்தந்தையுடன் பேசட்டும். இரு பணியாளரும் அறியாமல் குடும்பத்தார் மட்டும் ஒழுங்கு செய்தால் பின்னர் சிக்கல் வரும்.

2. பங்குத்தந்தை ஆயரின் அனுமதியைப் பெற வேண்டும். எங்கள் வெயிலில் மரணச் சடங்கு காத்திருக்காது. இடம்பெயர்ந்தோர் உள்ள பங்குகளில், இத்தகைய அவசரத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே ஆயரிடம் கேட்டு வைத்திருப்பது புத்தி.

3. பங்குச் சபையையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக் காரணத்தைச் சொல்லுங்கள். ஞாயிறு பூசை முடிவில் அறிவியுங்கள். வதந்திக்கு முன்னே செய்தி போக வேண்டும்.

4. நேரத்தை ஒதுக்குங்கள். பூசை, நவநாள், சிலுவைப்பாதை ஆகியவற்றுக்கு இடையூறில்லாத நேரம். தேவையென்றால் நற்கருணையை வேறிடத்துக்கு மாற்றுவதைப் பங்குத்தந்தை முடிவு செய்வார். எந்தப் பீடம், எந்த வாசகமேடை, சுரூபங்கள் இருந்த இடத்திலேயே இருக்குமா என்பதையும் பேசிவிடுங்கள்.

5. பதிவு முக்கியம். ஞானஸ்நானமும் திருமணமும் அவரவர் சபைப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். அரச திருமணப் பதிவு யார் கையொப்பத்தில், எந்த இடத்தின் பேரில் என்பதை முதலிலேயே தீருங்கள். இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு ஒரு துண்டின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

6. கத்தோலிக்கரும் பிற சபையாரும் செய்யும் கலப்புத் திருமணம் வேறு விடயம். அதற்குத் தனி அனுமதி வேண்டும். சம்மதம் ஒரே தடவைதான் கேட்கப்படும். ஒரு கோவிலில் ஒரு தடவை, மறு கோவிலில் இன்னொரு தடவை என்று சடங்கை இரட்டிக்க முடியாது. ஆகவே திகதி குறிக்கும் முன்னரே பங்குத்தந்தையிடம் போங்கள்.

7. ஒருநாள் சடங்குக்கு ஒரு கடிதம் போதும். மாதக்கணக்கில் பாவிப்பதானால் உடன்படிக்கை எழுதுங்கள். மின்சாரச் செலவு, துப்புரவு, உடைந்ததைத் திருத்துவது, காணிக்கைப் பணம், முடிவுத் திகதி ஆகியவை அதில் இருக்கட்டும். முடிவுத் திகதி விருந்தாளியை விரட்டுவதற்கல்ல, வீட்டாரின் பயத்தைத் தீர்ப்பதற்கு.

8. கோவில்தான் வேண்டும் என்றில்லை. பங்கு மண்டபம், பாடசாலை, கோவில் வளவில் ஒரு பந்தல் இவையும் மரியாதையான இடங்களே. சில ஊர்களில் இதுவே எல்லோர் மனத்துக்கும் இசைவான வழியாகும்.

நாளை முறை மாறலாம்

இந்த விடயத்தில் கொடுப்பவர் எப்போதும் கத்தோலிக்கர், வாங்குபவர் எப்போதும் பிற சபையார் என்று எண்ண வேண்டாம். தக்க காரணமிருந்து, ஆயர் வெளிப்படையாக அனுமதித்து, மக்களுக்கு இடறலும் வராதென்றால், கத்தோலிக்கக் குரு பிற சபையாரின் தேவாலயத்திலே திருப்பலி நிறைவேற்றலாம் என்று திருச்சபைச் சட்டம் 933ஆம் இலக்கம் கூறுகிறது. மீள்குடியேறிய ஊரில் எங்கள் கோவில் இடிந்து கிடக்க, மெதடிஸ்த தேவாலயத்தின் கூரை மட்டும் தப்பியிருக்கலாம். அன்று அவர்கள் வாசலில் கூச்சத்தோடு நிற்பவர்கள் நாமாக இருப்போம்.

இனி அந்த மகனிடம் திரும்புவோம். மழை விடவில்லை. பங்குத்தந்தை அவரை உள்ளே கூப்பிட்டு இருத்தி, ஒரு தேநீர் கொடுத்து, முதலில் அம்மாவின் பெயரைக் கேட்கட்டும். பிறகு ஆயர் இல்லத்துக்கும் போதகருக்கும் தொலைபேசி எடுக்கட்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் சேமக்காலையில் இடம் பார்க்கப் போகட்டும். இளைஞர்கள் மண்வெட்டியோடு போகட்டும். போதகர் வந்து சேர்ந்தால் அவர் தம் முறைப்படி செபிக்கட்டும். வரமுடியாவிட்டால் அனுமதியோடு பங்குத்தந்தை செபிக்கட்டும். அந்தத் தாயார் பாடிய பாட்டை அவருடைய பிள்ளைகளே பாடட்டும். ஊர்க் கத்தோலிக்கர் பின்வாங்கில் இருந்து அமைதியாகக் கேட்கட்டும்.

அன்பான வாசகர்களே, நீங்கள் இருக்கும் இடத்தில் வேறு சபைக் குடும்பங்கள் எத்தனை, அவர்களுடைய போதகர் யார், அவரைக் கூப்பிடும் இலக்கம் என்ன என்பதை உங்கள் பங்குச் சபைக்குத் தெரியுமா? அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தண்ணீர் வற்றிய பின் முறை பேசுவதில்லை. கிணறு நிறைந்திருக்கும்போதே பங்காளிகள் கூடிப் பேசிக்கொள்வார்கள்.